காசியில் விசைப்படகுக் கட்டுப்பாடு: எந்த விதி எதைத் தொடுகிறது?

வாரணாசியில் கங்கைமீது ஓடும் எஞ்சின் படகுகளைப் பற்றி ஒன்றுக்கொன்று பொருந்தாதவைபோலத் தோன்றும் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. மழைக்காலத்தில் எல்லாப் படகுகளும் நிறுத்தப்படுகின்றன. டீசல் எஞ்சின்களை சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாற்ற அரசு நிதி ஏற்பாடு செய்கிறது. மாசைக் குறைப்பதாகச் சொல்லும் அதே ஆற்றில் சொகுசுப் பயணக் கப்பல்கள் புதிதாக இறங்குகின்றன. படகோட்டிகள் துடுப்பை வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்கிறார்கள். காசி யாத்திரைக்குத் திட்டமிடும் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று இவற்றை அடுத்தடுத்துப் படித்தால், அங்கே எஞ்சின் படகுக்கு அனுமதி உண்டா, இல்லையா என்பதுகூட விளங்காது.

குழப்பத்தின் வேர், நான்கு தனித்தனிச் சிக்கல்களை ஒரே பெயரில் பேசுவதுதான். புகை, ஒலி, அலை, படகோட்டிகளின் பிழைப்பு என்பவை அந்த நான்கும். ஒன்றைத் தீர்க்கும் விதி மற்றொன்றைத் தொடாமலே போகலாம். சில வேளைகளில் அதை மோசமாக்கவும் செய்யலாம். இப்போது அதிகம் பேசப்படும் எரிபொருள் மாற்றம் இந்த நான்கில் முதலாவதை மட்டுமே குறைக்கிறது. மற்றவற்றுக்கு வேகம், இடம், நேரம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளே தேவை. அவை இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

ஆற்றின் அமைப்பு

தென்கிழக்கு நோக்கிச் செல்லும் கங்கை, காசியில் வளைந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரம் அந்த வளைவின் வெளிப்புறத்தில், மேற்குக் கரையில் உள்ளது. வளைவின் வெளிப்புறத்தில் நீரோட்டம் வேகமாகவும் ஆழமாகவும் இருக்கும் என்பது ஆறுகளின் பொது இயல்பு; உட்புறத்தில் மணல் படியும். அதனால்தான் ஒரு கரையில் தெற்கே அசி முதல் வடக்கே ஆதிகேசவம் வரை 84 படித்துறைகள் நெருக்கமாக எழுந்து நிற்க, எதிர்க்கரை வெறும் மணல்திட்டாக இருக்கிறது. படகுகள், நீராடுவோர், சடங்கு செய்வோர், மாலை ஆரத்திக்குக் கூடும் கூட்டம் என எல்லாமே இந்த ஒற்றைக் கரையின் ஓரத்தில் நெருக்கியடிக்கின்றன. ஆறு அகலமானது, பயன்படும் நீர்ப்பரப்போ குறுகியது.

எஞ்சின் ஏன் வந்தது என்பதையும் இந்த அமைப்பே விளக்குகிறது. பஞ்ச தீர்த்த யாத்திரையின் மரபான வரிசை அசி, தசாசுவமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்பதாகும். முதல் மூன்று இடங்களுக்கும் படகு ஓட்டத்தோடு இறங்கிச் செல்லும். ஆதிகேசவத்திலிருந்து பஞ்சகங்கைக்கும் மணிகர்ணிகைக்கும் நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். கேதார கட்டம் என்ற படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய மடத்திலும், பாரதியார் இளமையில் வாழ்ந்த அனுமன் கட்டத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தங்கும் தமிழ் யாத்திரிகர்களுக்கு இந்தப் பயணம் பழக்கமானது. துடுப்புப் படகில் இந்த ஏற்றம் உடலை முறிக்கும் வேலை, நேரமும் பிடிக்கும். வயலில் தண்ணீர் இறைக்கப் பயன்படும் பம்ப்செட் டீசல் எஞ்சினைத் தூக்கிப் படகில் பொருத்தி, அதோடு தண்டையும் நீரைத் தள்ளும் விசிறியையும் இணைத்துவிட்டால் இந்தச் சிரமம் தீர்கிறது. எங்கும் கிடைக்கும் எஞ்சின், எந்த மெக்கானிக்கும் பழுது பார்க்கக்கூடிய எஞ்சின் என்பதால் அது வேகமாகப் பரவியது. ஆனால் அது படகுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. பெரும்பாலும் ஒலியடக்கியும் சரியாக இருப்பதில்லை.

எஞ்சின் உண்டாக்கும் விளைவுகள்

1. புகையும் எண்ணெயும். பழைய டீசல் எஞ்சின் கரித்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெளியிடுகிறது. படகு நீர்மட்டத்தில் ஓடுவதால், அந்தப் புகை படித்துறையில் நிற்பவரின் மூச்சு மட்டத்திலேயே தங்குகிறது. கசியும் எண்ணெய் நீர்ப்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவுகிறது. எனினும் கங்கையின் மாசில் பெரும்பங்கு நகரக் கழிவுநீரிலிருந்து வருவது. படகு எண்ணெய் அதோடு ஒப்பிடச் சிறியது. படகை நிறுத்தினால் கங்கை தூய்மையாகிவிடும் என்ற வாதம் இதனாலேயே நிற்காது. படகுப் புகையைக் குறைப்பது படித்துறையில் வாழ்வோரின் நுரையீரலுக்காக. அந்த ஒரு காரணமே போதுமானது.

2. ஒலி. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்றில் அது செல்லும் வேகத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல். கரையில் நிற்பவர் எஞ்சினின் இரைச்சலைக் காதால் கேட்கிறார். நீருக்குள் வாழும் உயிர் அதனுள்ளேயே வாழ்கிறது. 2009இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட கங்கை ஓங்கில் (டால்பின்), ஏறத்தாழப் பார்வையற்றது. கலங்கிய நீரில் வழி கண்டுபிடிப்பதும் மீன் பிடிப்பதும் அது எழுப்பும் சொடுக்கொலிகளின் எதிரொலியைக் கொண்டுதான். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கோடையில் ஆற்றின் ஆழம் குறையும்போது படகு ஒலியின் தாக்கம் கூடுவதையும், ஒலியை மீறிக் கேட்கச் செய்ய ஓங்கில்கள் தங்கள் சொடுக்கொலியை மாற்றிக்கொள்வதால் அவற்றின் உடலாற்றல் கூடுதலாகச் செலவாவதையும் காட்டியது. 2025 மார்ச்சில் வெளியிடப்பட்ட இந்தியாவின் முதல் ஆற்று ஓங்கில் கணக்கெடுப்பு 6,327 ஓங்கில்களைக் கண்டது. அவற்றில் மூன்று மட்டுமே சிந்து ஓங்கில்கள். வாரணாசி மாவட்டத்தில் இவை பெரும்பாலும் காணப்படுவது நகரப் படித்துறைகளின் முன்பு அன்று. நகரைத் தாண்டி ஆறு ஓடும் திசையில், கோமதி வந்து கலக்கும் கைதி என்ற ஊரை ஒட்டித்தான். ஆகவே ஒலிக் கட்டுப்பாடு நகர எல்லையோடு நின்றால் ஓங்கிலுக்குப் பயனில்லை.

3. அலை. இதைப் பற்றிப் பொது விவாதத்தில் பேச்சு மிகக் குறைவு. ஆனால் நீராடுபவருக்கும் சிறு படகுக்காரருக்கும் அன்றாடம் தொல்லை தருவது இதுதான். நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகு தன் முன்னாலும் பின்னாலும் அலை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளம் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிறது. நீர்க்கோட்டில் 8 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இது மணிக்கு ஏறத்தாழ 12 முதல் 13 கிலோமீட்டர் வேகத்தில் நிகழும். 12 மீட்டர் படகுக்கு 15 முதல் 16 கிலோமீட்டரில். அந்த வேகத்தை நெருங்கும்போது எஞ்சின் செலவிடும் கூடுதல் ஆற்றலின் பெரும்பகுதி அலையாகவே போகிறது. ஆழமில்லாத இடத்தில் நிலைமை இன்னும் மோசம்: 2 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 16 கிலோமீட்டரை நெருங்கும் படகின் அலை செங்குத்தாக எழும்பிக் கரையில் மோதும்.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. உயரத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆற்றல் கால்பங்காகிறது. வேகத்தைச் சிறிது குறைப்பதால் கிடைக்கும் பயன் இவ்வளவு பெரிதாக இருப்பது இதனால்தான். கல் படிகளுக்கு ஓரிரு அலைகளால் ஒன்றும் ஆகாது. இடுக்குகளில் இடைவிடாது புகும் நீர் பூச்சையும் மண்ணையும் அரிக்கும். எதிர்க்கரை மணலுக்குப் பாதுகாப்பே கிடையாது. கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி நாலாம் படியில் முழுக்குப் போடும் தாயை, தொலைவில் கடந்து போய்விட்ட படகின் அலை தடுமாறச் செய்யும். அந்தப் படகை ஓட்டியவருக்கு இது தெரியவும் தெரியாது.

4. இடமும் வருமானமும். எஞ்சின் படகு ஒரு நாளில் பல சுற்றுகள் போகும். துடுப்புப் படகு சில சுற்றுகளோடு ஓயும். பயணிகளின் எண்ணிக்கை அதே அளவில் இருந்தால், ஒருவருக்குக் கூடும் வருமானம் மற்றொருவரிடமிருந்து வருவதே. இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

சிஎன்ஜி எதைத் தீர்க்கிறது

2021 முதல், பொதுத்துறை நிறுவனமான கெயிலின் நிதியுதவியோடு வாரணாசிப் படகுகளின் டீசல் எஞ்சின்களை அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சிஎன்ஜிக்கு, மாற்றும் திட்டம் நடக்கிறது. நமோ கட்டம் என்று இப்போது அழைக்கப்படும் கிடுகியா கட்டத்தில் மிதக்கும் எரிவாயு நிலையமும் அமைக்கப்பட்டது. இதனால் கரித்துகளும் கறுப்புப் புகையும் வெகுவாகக் குறைகின்றன. நீரில் டீசல் சிந்துவதும் நிற்கிறது. இதை நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன்.

இதன் எல்லையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிஎன்ஜி எஞ்சினும் எரிதல் எஞ்சினே. விசிறி அதே விசிறி. நீருக்குள் எழும் ஒலியில் பெரும்பங்கு விசிறியாலும் எஞ்சின் அதிர்வாலும் வருவதால் அது பெரிதாகக் குறையாது. அலை எள்ளளவும் மாறாது, ஏனெனில் அலைக்கு எரிபொருள் எதுவென்று தெரியாது. எரியாமல் கசியும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் தன்மை உடையது. எனவே பராமரிப்பு தவறினால் காலநிலைப் பயனும் கரைந்துபோகும். எரிபொருள் செலவு குறைவதால் படகுகள் கூடுதல் சுற்றுகள் ஓடத் தொடங்கினால், ஒலியும் அலையும் முன்பைவிடக் கூடவே செய்யும்.

மின்படகு இதிலிருந்து ஓரளவு வேறுபட்டது. புகை அறவே இல்லை. எஞ்சின் இரைச்சல் பெருமளவு குறையும். 2017 ஜனவரி முதல் கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடும் 75 பேர் அமரும் சூரிய மின்படகு ‘ஆதித்யா’, பயணிகள் போக்குவரத்திலேயே இது இயலும் என்று காட்டியிருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது பெரிதும் அசைவற்ற காயல். காசியில் ஓட்டத்தை எதிர்த்து ஏற மின்கலம் பெரிதாக இருக்க வேண்டும், விலையும் கூடும். மின்படகும் அலை எழுப்பும் என்பதும் மாறாது.

யாருக்கு அதிகாரம்

செய்திகளில் ஒருநாள் மாநில அரசும், மறுநாள் ஒன்றிய அமைச்சகமும், மூன்றாம் நாள் மாவட்ட ஆட்சியரும் உத்தரவு போடுவதற்குக் காரணம், அரசமைப்புச் சட்டமே எஞ்சினைக் கொண்டு அதிகாரத்தைப் பிரித்திருப்பதுதான்.

1. நாடாளுமன்றம் தேசிய நீர்வழி என்று அறிவித்த ஆற்றில் இயந்திர விசையால் ஓடும் கலங்களின் போக்குவரத்து, ஒன்றியப் பட்டியலின் 24ஆம் இனத்தில் வருகிறது. அலகாபாத் முதல் ஹால்டியா வரையான 1,620 கிலோமீட்டர் நீர்வழி, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாம் தேசிய நீர்வழியாக 1986இல் நடைமுறைக்கு வந்தது. காசி அதன் வழியில் இருக்கிறது. ராம்நகரில் 2018 நவம்பரில் சரக்கு முனையம் திறக்கப்பட்டதும், 2023 ஜனவரியில் ‘கங்கா விலாஸ்’ பயணக் கப்பல் இங்கிருந்து திப்ருகர் நோக்கிப் புறப்பட்டதும் இந்தக் கட்டமைப்பின் கீழ்தான்.

2. பிற உள்நாட்டு நீர்வழிகளில் இயந்திரக் கலங்களின் போக்குவரத்தும், அவற்றில் கலங்கள் செல்லும் முறை பற்றிய விதிகளும் பொதுப் பட்டியலின் 32ஆம் இனத்தில் உள்ளன.

3. ஓடத்துறைகளும், மேற்சொன்னவற்றுக்கு உட்பட்ட உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்தும் மாநிலப் பட்டியலின் 13ஆம் இனம்.

4. படகுகளின் பதிவு, தகுதிச் சான்று, ஓட்டுநர் தகுதி, மாசுத் தடுப்பு ஆகியவற்றை 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. இது 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. எஞ்சின் இல்லாத கலங்களைப் பதிவு செய்வதற்கும் இதில் இடம் உண்டு.

5. வெள்ளம், பெருங்கூட்டம், விபத்து அபாயம் போன்ற உடனடிக் காரணங்களுக்காக மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை விதிக்கலாம். யாத்திரிகர் சந்திக்கும் பெரும்பாலான ‘படகு இல்லை’ அறிவிப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தால் முரண்பாடு பாதி மறைகிறது. சரக்குக் கப்பலை அனுமதிக்கும் அதிகாரமும், தசாசுவமேத கட்டத்தின் முன்னால் ஆரத்தி நேரத்தில் படகு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் வெவ்வேறு கைகளில் உள்ளன. சிக்கல் என்னவென்றால், அன்றாட வேகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு இவற்றில் யாருடைய முதன்மை வேலையாகவும் இல்லை.

நீங்கிப்போன ஆமைச் சரணாலயம்

காசியில் எஞ்சினுக்கு எதிரான மிக வலுவான சட்டக் கருவி ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. ராம்நகர் கோட்டையிலிருந்து மாளவியா பாலம் வரையான 7 கிலோமீட்டர் ஆறு, 1989இல் ஆமைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கங்கைச் செயல்திட்டத்தின் பகுதியாக, பாதி எரிந்த உடல்களை உண்டு நீரைத் தூய்மைப்படுத்தும் ஆமைகளை ஆற்றில் விடும் முயற்சியோடு அது பிறந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவது, வாழிடத்தைக் குலைப்பது, மணல் அள்ளுவது ஆகிய அனைத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நடைமுறையில் படகுகள் ஓடிக்கொண்டிருந்தாலும், புதிதாக ஆற்றை அகழவோ பெரிய கலங்களை இயக்கவோ முனைபவர் இந்தச் சட்டத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

2020 மார்ச்சில் அந்த அறிவிக்கை நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக மிர்சாபூர், பிரயாக்ராஜ், பதோகி மாவட்டங்களைத் தொட்டுச் செல்லும் 30 கிலோமீட்டர் பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு நெருக்கடியான நகரப் பகுதியில் ஆமைகள் பிழைப்பதில்லை என்பது நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட வாதம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள்: அடுத்த ஆண்டே எதிர்க்கரை மணல்திட்டின் குறுக்கே 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கால்வாய் வெட்டப்பட்டது, அந்த ஆண்டின் வெள்ளமே அதை மூழ்கடித்துத் தூர்த்தது. சரணாலயம் ஆமையை மட்டும் காக்கவில்லை, ஆற்றில் கைவைப்பதற்கு முன் ஒருமுறை நின்று கேட்க வைத்தது. அந்தக் கேள்வியை எழுப்பும் வேறு சட்ட ஏற்பாடு எதுவும் அதன் இடத்தில் வரவில்லை என்பதே என் கவலை.

பிற ஊர்களில்

வெனிஸ் நகரம் படகு அலையால் சுவர்கள் அரிக்கப்படுவதை நீண்ட காலமாகச் சந்தித்து வருகிறது. அங்கே முதன்மைக் கருவி வேகவரம்பு. உட்கால்வாய்களில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற அளவில் அது இருக்கிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட பயணக் கப்பல்கள் 2021 ஆகஸ்டிலிருந்து ஜூதெக்கா கால்வாயில் நுழைய முடியாது. தேம்ஸ் ஆற்றில் கடல் ஏற்றவற்றம் எட்டாத மேற்பகுதியில் எல்லாப் படகுகளுக்கும் வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். ஆம்ஸ்டர்டாம் எரிபொருள் வழியைத் தேர்ந்தது: நகர மையத்தில் புகையற்ற படகுகள் மட்டும் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஜெர்மனியின் கோனிக்சே ஏரியில் 1909 முதலே பயணிகள் சேவை மின்படகுகளால் மட்டும் நடக்கிறது. காசிக்கு மிகப் பொருத்தமான பாடம் தேம்ஸினுடையது, ஏனெனில் அதற்குப் புதிய எஞ்சின் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மல்லாக்கள்

காசிப் படகோட்டிகளில் மிகப் பெரும்பான்மையோர் நிஷாதர் எனவும் அறியப்படும் மல்லா சமூகத்தினர். எந்தப் படித்துறையில் யார் படகு கட்டலாம், யார் பயணி ஏற்றலாம் என்பதில் குடும்ப வழியான மரபுரிமைகள் உண்டு. அரசின் உரிம முறை இந்த மரபின்மேல் ஏறி உட்கார்ந்தது. 2018இல் ஆற்றில் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியபோது அவர்கள் எதிர்த்தது இந்தப் பின்னணியில்தான். புகை விடும் தங்கள் சிறு படகுகள் குற்றவாளி ஆக்கப்படும்போது, பெருமுதலீட்டுக் கலங்கள் அதே நீரில் வரவேற்கப்படுகின்றன என்பது அவர்கள் மனக்குறை. அதை நியாயமானதாகவே காண்கிறேன்.

கட்டுப்பாட்டின் பாரம் யார்மேல் விழுகிறது என்பது விதியின் வடிவத்தைப் பொறுத்தது. எஞ்சின் தரத்தை உயர்த்தும் விதி, முதல் போட முடிந்தவருக்குச் சாதகம். ஒரு குறிப்பிட்ட நீர்ப்பகுதியைத் துடுப்புக்கு மட்டும் ஒதுக்கும் விதி, உழைப்பை மட்டுமே வைத்திருப்பவருக்குச் சாதகம். வேகவரம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நடைமுறைக்கு ஏற்ற வடிவம்

மேலே சொன்னவற்றிலிருந்து, முழுத் தடையும் முழுச் சுதந்திரமும் காசிக்குப் பொருந்தா என்பது தெளிவு. முதியோருக்கும் ஆதிகேசவம் வரை போய்த் திரும்புவோருக்கும் எஞ்சின் தேவை. வெள்ளக் காலத்தில் இந்தத் தேவை இன்னும் தெளிவாகும். வாரணாசியில் எச்சரிக்கை மட்டம் 70.262 மீட்டர், அபாய மட்டம் 71.262 மீட்டர், 1978இல் நீர் 73.901 மீட்டரைத் தொட்டது. நீர் ஏறும்போது துடுப்பால் ஓட்டத்தை எதிர்க்க முடியாது. மற்ற மாதங்களில் தொல்லையாக இருக்கும் எஞ்சின், அப்போது மீட்புப் பணியின் ஆதாரமாகிறது. ஆகவே விதிகள் பருவத்துக்கேற்ப மாற வேண்டும். என் பார்வையில் முன்னுரிமை வரிசை இது:

1. படித்துறைகளை ஒட்டிய ஒரு பட்டையைக் கயிற்று மிதவைகளால் குறித்து, அதற்குள் எஞ்சினை அணைத்துத் துடுப்பால் மட்டும் வர வேண்டும் என விதிப்பது. நீராடுவோருக்கு உடனடிப் பாதுகாப்பு இதில்தான் கிடைக்கும்.

2. நகர எல்லைக்குள் எல்லாக் கலங்களுக்கும், சொகுசுக் கப்பலுக்கும் சேர்த்து, மணிக்கு 8 கிலோமீட்டரை ஒட்டிய ஒரே வேகவரம்பு. 8 மீட்டர் படகு அலை பெருக்கும் வேகத்துக்கு இது மிகக் கீழே இருக்கிறது. நீரைத் தள்ளிச் செல்லும் படகுக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியில் கூடுவதால், 10 கிலோமீட்டரிலிருந்து 8 கிலோமீட்டராகக் குறைத்தாலே எஞ்சின் திறன் பாதியளவு போதும். படகோட்டிக்கு எரிபொருள் செலவும் குறையும்.

3. விடியற்காலைச் சவாரியைத் துடுப்புப் படகுகளுக்கு ஒதுக்குவது. அந்த நேரத்துப் பயணி அமைதிக்காகவே வருகிறார். மல்லாக்களில் எஞ்சின் இல்லாதவருக்கு உறுதியான வருமானமும் கிடைக்கும்.

4. கோடையில் நீர் குறையும் மாதங்களில், கைதி போன்ற ஓங்கில் பகுதிகளில் கலங்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் கூடுதலாகக் கட்டுப்படுத்துவது. ஒலியின் தாக்கம் உச்சம் பெறுவது அப்போதுதான்.

5. எரிபொருள் மாற்றத்துக்கான நிதியை ஒரே ஒரு படகு வைத்திருப்பவருக்கு முதலில் தருவது. புதிய உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது.

இவற்றில் முதல் மூன்றையும் செயல்படுத்தப் புதிய சட்டம் தேவையில்லை. உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் பதிவு விதிகளும் மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரமும் போதும். தேவைப்படுவது, ஒவ்வொரு படகிலும் தெரியும்படி எழுதப்பட்ட பதிவெண், மிதவைக் கோடு, ஆற்றில் தினமும் சுற்றிவரும் கண்காணிப்புப் படகு ஆகியவையே. வரைவு விதிகளைப் படகோட்டி சங்கங்களோடு படித்துறை வாரியாக அமர்ந்து பேசி முடிவு செய்யாவிட்டால், அந்தக் கண்காணிப்புப் படகு திரும்பிய மறுநிமிடமே வேகம் பழைய நிலைக்குப் போய்விடும்.